ஒஷோக்போவில் குடியேறப் போகிறீர்களா? மூன்று சமயமும் ஒரே பாயில் உட்காரும் ஊருக்கு ஒரு வழிகாட்டி

நைஜீரியாவின் தென்மேற்கில், இபதானுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் இருக்கிறது ஒஷோக்போ. 1991-ல் ஒஷுன் மாநிலம் பிரிக்கப்பட்டபோது அதன் தலைநகரானது. யொரூபா மக்களின் ஊர். வேலை நிமித்தமாக அங்கே குடும்பத்தோடு போகும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அது எந்த மதத்துக்காரங்க ஊர்?" என்றுதான். இந்தக் கேள்விக்கு ஒஷோக்போவில் பதில் கிடையாது.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஹஜ் போய் வந்தவர். அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், செருபிம் செராபிம் சபைக்குப் புறப்படுவார். வீட்டுக்காரரின் பெரியப்பா ஊரின் மறுகோடியில் இஃபா குறி சொல்லும் பாபலாவோ. தம்பி மகன் ஒருவன் பெந்தெகொஸ்தே போதகர். யாரும் யாரையும் விட்டு விலகவில்லை. அங்கே முதலில் குடும்பம், அடுத்து ஊர், அதன் பிறகுதான் சமயம். புதிதாக வருபவர் அந்த வரிசையிலேயே உள்ளே போனால் எல்லாக் கதவும் திறக்கும். சமயத்தை முன்னே வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

போவதற்கு முன்

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் பல விஷயங்கள் புரியும். யொரூபா மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: உலகத்துக்கு வந்தபோதே இஃபா இருந்தது, இஸ்லாமும் இருந்தது, கிறிஸ்தவம் உச்சிவெயிலில் வந்து நுழைந்தது. இஃபா என்பது அவர்களின் குறிநூல் மரபு. 16 முதன்மை அதிகாரங்கள், அவை ஒன்றோடொன்று சேர்ந்து 256. ஒவ்வொன்றிலும் எண்ணற்ற பாடல்கள், எல்லாம் மனப்பாடம். இஸ்லாம் வடக்கிலிருந்து வணிகர்களோடும் அறிஞர்களோடும் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. கிறிஸ்தவ மிஷனரிகள் யொரூபா நாட்டில் காலூன்றியது 1840-களில்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1840 வாக்கில், ஒஷோக்போவின் வாசலில் ஒரு பெரிய போர் நடந்தது. வடக்கே சொகோட்டோ கலிபா என்ற இஸ்லாமிய அரசின் அங்கமாயிருந்த இலோரின் படை தெற்கே இறங்கி வந்தது. இபதான் படை வந்து அதை இங்கே முறியடித்தது. வாளோடு வந்த படை இந்த ஊரோடு நின்றுவிட்டது. அதன் பிறகு இதே ஊரில் இஸ்லாம் அமைதியாகப் பரவி, இன்று எங்கு திரும்பினாலும் பள்ளிவாசல். ஊரார் இதைப் பெருமையாகவே சொல்வார்கள்: கட்டாயத்தில் வந்ததல்ல, உறவில் வந்தது.

முதல் வாரம்: வாழ்த்தக் கற்றுக்கொள்ளுங்கள்

வேறெதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். காலையில் "எ காரோ", மதியம் "எ காசான்", இருட்டிய பிறகு "எ காலே". வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போனால் "எ கு இஷே". எந்தச் சூழ்நிலைக்கும் "எ கு" என்று தொடங்கும் ஒரு வாழ்த்து உண்டு. வாழ்த்தாமல் கடந்து போகிறவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் வளர்ப்பு சரியில்லாதவர் என்றே கொள்வார்கள்.

பெரியவர்கள் முன் ஆண்கள் குனிந்து கையால் தரையைத் தொடுவார்கள். முறையாகச் செய்வதென்றால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். பெண்கள் முழங்காலிடுவார்கள். இமாம் வந்தாலும் பிஷப் வந்தாலும் பாபலாவோ வந்தாலும் இதே மரியாதைதான். நாம் காலில் விழுந்து வளர்ந்தவர்கள், இதில் நமக்குக் கூச்சம் இருக்காது. வெளிநாட்டுக்காரர் லேசாகக் குனிந்தாலே போதும், முகம் மலர்ந்துவிடும். இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று: கடையில், பேருந்தில், அலுவலகத்தில் திடீரென்று உங்களுக்காகப் பிரார்த்தனை சொல்வார்கள். "கடவுள் உன் பயணத்தைக் காப்பாராக" என்பது போல. "அமின்" என்று பதில் சொல்லுங்கள். முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் அதுவே. பழைய மரபைச் சேர்ந்தவர் வாழ்த்தினால் "அஷே", அதாவது "அப்படியே ஆகட்டும்".

இந்த மொழியைக் கொஞ்சம் கேட்கத் தொடங்கியதும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு விஷயம். பிரார்த்தனைக்கு யொரூபாவில் "அதூரா". அரபியின் "துஆ"விலிருந்து வந்த சொல். கிறிஸ்தவர்களும் அதையே சொல்கிறார்கள். வெள்ளை அங்கிச் சபைகளுக்கு ஊர் வைத்த பெயரே "அலாதூரா", பிரார்த்தனைக்காரர்கள். யொரூபா பைபிளில் தீர்க்கதரிசிக்கு "வோலி", ஆசாரியனுக்கு "அலுஃபா". இரண்டும் முஸ்லிம்களிடமிருந்து வந்த சொற்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பெயர் "இவாசு", அதுவும் அரபி வழிச்சொல். ஒருவர் இன்னொருவரிடம் கடன் வாங்கிய சொல்லில்தான் கடவுளைக் கூப்பிடுகிறார். சொல் பிரிக்க முடியாதபடி கலந்த இடத்தில் மனிதர்களைப் பிரிப்பது எளிதில்லை.

வீடு பார்க்கும்போது

வெறும் வாடகையை மட்டும் விசாரிக்காதீர்கள். பள்ளிவாசல் எத்தனை அடி தூரம், சர்ச் எந்தப் பக்கம், ஒலிபெருக்கி எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்றும் கேளுங்கள். அதிகாலை பாங்கு பழகிவிடும். வெள்ளிக்கிழமை இரவில் பல சபைகளில் விடிய விடிய ஜெபம் நடக்கும், அதற்குப் பழகுவது கடினம். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு முறை போய் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வதானால் நேராகச் சபையிடம் போகாமல் வீட்டுக்காரர் வழியாகப் போங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் அரண்மனையை ஒட்டிய ஒஜா ஒபா சந்தைப் பக்கம் வண்டி ஓட்டாதீர்கள். ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போகும் கூட்டத்தோடு முஸ்லிம்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நஸ்ஃபாத் போன்ற அமைப்புகள் ஞாயிறு காலையில்தான் பிரார்த்தனைக் கூட்டம் வைக்கின்றன. அன்றுதான் எல்லோருக்கும் விடுமுறை என்பது ஒரு காரணம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சர்ச்சுக்குப் போகும் நேரத்தில் நம் பிள்ளைகள் சும்மா இருக்கக்கூடாதே என்பது இன்னொன்று.

"நீங்கள் எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?"

இரண்டாம் நாளே கேட்பார்கள். அழைப்பின் தொடக்கம் அது. துருவிப் பார்ப்பதாக நினைக்காதீர்கள்.

நீங்கள் கிறிஸ்தவர் என்றால் சிக்கலில்லை. கத்தோலிக்க மறைமாவட்டம் இங்கே 1995 முதல் இருக்கிறது. ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் எல்லாம் உண்டு. சற்றுத் தள்ளியிருக்கும் இலேஷா ஊரில் 1930-ல் ஜோசப் அயோ பாபலோலா நடத்திய எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வளர்ந்த கிறைஸ்ட் அப்பொஸ்தலிக் சர்ச்சுக்கும் இது சொந்த மண். முஸ்லிம் என்றால், இங்கே மாலிகி மத்ஹப், அதாவது மாலிகி மார்க்கச் சட்ட மரபு. நம் ஊர் ஷாஃபி, ஹனஃபி பள்ளிகளில் பழகியவர்கள், கையைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுபவரைப் பார்த்தால் திகைக்க வேண்டாம்.

இந்து என்றால் உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக. "எங்கள் வீட்டிலும் முன்னோர் வழிபாடு உண்டு, பெரியவர்கள் சொன்னபடி கும்பிடுகிறோம்" என்றால் எல்லோருக்கும் புரியும். நீண்ட தத்துவ விளக்கம் வேண்டாம். சிலை வழிபாடு தவறு என்று பெந்தெகொஸ்தே நண்பர் ஒருவர் அன்போடு சொல்லத் தொடங்கினால் வாதாடாதீர்கள். அவர் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்பார். "அமின்" சொல்லிவிட்டு வாருங்கள்.

முதல் பெரிய அழைப்பு: பெயர்சூட்டு விழா

குழந்தை பிறந்த எட்டாம் நாள் பெயர் வைப்பார்கள். முன்காலத்தில் ஆண் குழந்தைக்கு ஒன்பதாம் நாள், பெண்ணுக்கு ஏழாம் நாள், இரட்டையருக்கு எட்டாம் நாள் என்று இருந்தது. இன்று எல்லாச் சமயத்தாரும் எட்டில் வந்து நின்றுவிட்டார்கள். உங்களை அழைத்தால் கட்டாயம் போங்கள். இந்த ஊர் எப்படி இயங்குகிறது என்பதை ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

அதிகாலையிலேயே தொடங்கிவிடும், தாமதிக்காதீர்கள். நடுவில் சிறு கிண்ணங்களில் தண்ணீர், தேன், உப்பு, பனையெண்ணெய், கோலாக் கொட்டை, கசப்புக் கோலா, அதாரே என்னும் காரமான மிளகு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் குழந்தையின் உதட்டில் தொட்டு வைத்து, தாய்க்குக் கொடுத்து, கூட்டத்துக்கும் சுற்றி வரும். தண்ணீருக்குப் பகை இல்லை, குழந்தைக்கும் பகை இல்லாதிருக்கட்டும். தேன் போல வாழ்க்கை இனிக்கட்டும் என்ற வகையில் வாழ்த்துகள். கிறிஸ்தவ வீடென்றால் போதகர் வேதம் வாசித்து இதைச் செய்வார். முஸ்லிம் வீடென்றால் அல்ஃபா என்னும் மார்க்க அறிஞர் குர்ஆன் ஓத, ஆடு அறுப்பார்கள். சில வீடுகளில் போதகர் கோலாக் கொட்டையையும் மிளகையும் விலக்கித் தேனையும் உப்பையும் மட்டும் வைத்துக்கொள்வார். எதை எடுத்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த வீட்டுக்குள் நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் அந்தத் தட்டில் தெரியும்.

பிறகு பெயர்கள். தாத்தா ஒரு பெயர் வைப்பார், பாட்டி ஒன்று, அத்தை ஒன்று. பெயர் சொல்கிறவர் தண்ணீர்க் கிண்ணத்தில் காசு போட வேண்டும். உங்களையும் ஒரு பெயர் வைக்கச் சொல்லலாம். மறுக்காதீர்கள், அது பெரிய மரியாதை. ஒரு தமிழ்ப் பெயரைப் பொருளோடு சொல்லுங்கள். யொரூபா மக்களுக்குப் பொருளில்லாத பெயர் பெயரே அல்ல. என் வீட்டுக்காரரின் பேத்திக்கு நான் "மலர்" என்று வைத்தேன். அவளுக்கு ஏற்கெனவே ஒரு முஸ்லிம் பெயரும், தாய்வழியில் ஒரு பைபிள் பெயரும், பாபலாவோ பெரியப்பா கொடுத்த ஓர் இஃபா பெயரும் இருந்தன. நான்கையும் அந்தப் பாட்டி மூச்சுவிடாமல் சொல்லிக் கூப்பிடுவார்.

பெயர்களை வைத்து ஒருவரின் சமயத்தை ஊகிக்காதீர்கள். குடும்பப் பெயரில் ஒஷுன், ஒகுன் என்ற பழைய தெய்வங்களோ இஃபாவோ இருக்கும், ஆள் சர்ச் மூப்பராக இருப்பார். "ஃபா" என்று தொடங்கும் பெயர்கள் இஃபாவிலிருந்து வந்தவை. அதை "ஜேசு" என்று மாற்றிக்கொண்ட குடும்பங்களும் உண்டு, மாற்ற மாட்டோம் என்று நிற்கும் கிறிஸ்தவர்களும் உண்டு. இரண்டு முடிவுக்கும் பின்னால் வலி இருக்கலாம். ஆகவே கேட்காமல் இருப்பதே நல்லது. பக்கத்து ஊரான எதேயில் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் இசியாகா அதெலெகே முஸ்லிம், தம்பி அதெமோலா அதெலெகே கிறிஸ்தவர். அண்ணன் இந்த மாநிலத்தின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர். தம்பி 2022-ல் அதே நாற்காலிக்கு வந்தார். இதை அங்கே யாரும் அதிசயமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பண்டிகைத் தட்டு

பக்ரீத்துக்கு "இலேயா" என்று பெயர். வீட்டுக்குத் திரும்பும் காலம். லாகோஸில் வேலை பார்ப்பவர்களெல்லாம் ஊர் திரும்புவார்கள். நோன்புப் பெருநாள் "இதுனு ஆவே". இரண்டுக்கும், கிறிஸ்துமஸுக்கும், புத்தாண்டுக்கும், ஒஷுன் திருவிழாவுக்கும் ஒரே வாழ்த்துப் போதும்: "எ கு ஒதுன்". இந்த ஒரு வாழ்த்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் ஆண்டு முழுவதையும் சமாளிக்கலாம்.

இலேயாவுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து ஆட்டுக்கறி வரும், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவ வீட்டிலிருந்து ஜொலாஃப் சோறும் கோழியும் போகும். தட்டை வெறுமையாகத் திருப்பாதீர்கள். சைவக் குடும்பம் என்றால் முதல் மாதத்திலேயே வீட்டுக்காரர் மனைவியிடம் சொல்லிவையுங்கள், அவர் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். அதன் பிறகு உங்கள் வீட்டுக்கு அகாரா வரும். நம் காராமணி வடைதான் அது, வெங்காயமும் மிளகாயும் போட்டு அரைத்துப் பொரித்தது. முன்கூட்டிச் சொல்லாமல் பண்டிகையன்று வாசலில் நின்று கறியை மறுத்தால், அவர்களின் சமயத்தை மறுத்ததாக ஆகிவிடும். நான் முதல் வருடம் அந்தத் தவறைச் செய்தேன். சரிசெய்ய ஒரு மாதம் ஆனது.

ஆகஸ்ட்: ஆற்றங்கரைக்குப் போகும் முறை

ஒஷுன் ஒரு ஆறு, ஒரு தெய்வம், பிள்ளை வரம் தருபவள். ஊரை நிறுவிய லாரோயேக்கும் அவளுக்கும் நடந்த ஒப்பந்தத்தில் பிறந்தது ஒஷோக்போ என்பது ஊர் வரலாறு. மன்னரின் பட்டமான "அதாவோஜா"வுக்குப் பொருள், கை நீட்டி மீனை ஏற்றவர். ஆற்றங்கரைக் காடு 75 ஹெக்டேர். ஊர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் இப்படிக் காடு இருந்தது, பெரும்பாலும் அழிந்துவிட்டன. இது பிழைத்ததற்கு ஒரு காரணம், ஆஸ்திரியாவிலிருந்து வந்து இங்கேயே ஒரிஷாக்கள் என்னும் யொரூபா தெய்வங்களின் பூசாரிப் பெண்ணாக வாழ்ந்து 2009-ல் இதே ஊரில் மறைந்த சூசன் வெங்கர். உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து அவர் எழுப்பிய சிலைகள் காடு முழுவதும் நிற்கின்றன. 2005-ல் யுனெஸ்கோ இதை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தக் காட்டுக்குள் நடந்தபோது எங்கள் ஊர் ஐயனார் கோயில் காடு நினைவுக்கு வந்து நான் அழுதேன்.

ஆகஸ்டில் இரண்டு வாரம் விழா. பாதையைத் துப்புரவு செய்வதில் தொடங்கி, 16 திரி விளக்கு ஏற்றி, முன்னாள் மன்னர்களின் மகுடங்களை வைத்து வணங்கி, கடைசி நாளில் அருக்பா என்னும் மணமாகாத அரச குலப் பெண் சுரைக்குடுக்கையைத் தலையில் சுமந்து ஆற்றுக்குப் போவாள். அவள் கால் இடறக்கூடாது. ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். இப்போதைய அதாவோஜா ஜிமோ ஓயெதுன்ஜி ஒலானிபெக்குன் ஒரு முஸ்லிம். ஜிமோ என்றாலே வெள்ளிக்கிழமை, ஜும்மா. அவர் இந்த விழாவுக்குத் தலைமை ஏற்கிறார். மன்னர் ஊருக்குப் பொது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடைசி நாள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில் வரும். ஜும்மா கூட்டமும் சேர்வதால் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். காட்டில் மீன் பிடிக்கவோ, வேட்டையாடவோ, கிளை ஒடிக்கவோ கூடாது. குரங்குகள் பையைப் பிடுங்கும். பூசாரிகளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஆற்று நீரைப் பலர் பாட்டிலில் பிடித்துக் குடிப்பார்கள். நீங்கள் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். ஆற்றின் மேல்பகுதியில் நடக்கும் தங்கச் சுரங்க வேலையால் ஆறு கலங்கிப்போய், 2022 விழாவின்போது மாநில அரசே குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. ஒரு தெய்வத்தின் உடம்பில் நஞ்சு கலப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அந்தப் பழுப்பு நீரைப் பார்த்தால் தெரியும். தொட்டு வணங்குவது போதும்.

ஆகஸ்ட் 20 இஷேஷே நாள், பழைய மரபுக்கான அரசு விடுமுறை. ஹிஜ்ரி புத்தாண்டுக்கும் இந்த மாநிலத்தில் 2012 முதல் விடுமுறை உண்டு. அலுவலகத் திட்டம் போடும்போது இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒதுங்கி நிற்க வேண்டிய நேரங்கள்

எகுங்குன் என்பது முன்னோர் வடிவம். உச்சி முதல் பாதம் வரை துணி மூடி ஆடி வரும். அந்தத் துணியைத் தொடாதீர்கள், உள்ளே யார் என்று ஊகித்துச் சத்தமாகச் சொல்லாதீர்கள். கூட்டம் பிரம்போடு வந்தால் கடைக்குள் நுழைந்துவிடுங்கள்.

ஒரோ என்னும் சடங்கு இன்னும் கடுமையானது. அதைப் பெண்கள் பார்க்கக்கூடாது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் பலகையின் ஓசை இரவில் கேட்கும். எல்லா ஊரிலும் இல்லை, ஆனால் யொரூபா நாட்டில் வேறு ஊர்களுக்குப் பெண்கள் பயணம் போகும்போது, "இன்றைக்கு ஒரோ இருக்கிறதா?" என்று விசாரித்தே போங்கள். 1999 ஜூலையில் ஷகாமு ஊரில் ஒரோ இரவில் வெளியே வந்த ஹௌசா பெண்ணைக் கொன்றார்கள். அது இனக் கலவரமாகிப் பல உயிர்கள் போயின. பெண்களை வீட்டுக்குள் பூட்டும் வழக்கம் எனக்கு ஏற்பில்லை, அங்குள்ள பல பெண்களுக்கும் ஏற்பில்லை, நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். ஆனால் புதிதாக வந்தவர் அதை நடுத்தெருவில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஒஷோக்போவிலும் எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். 2021 ஜூனில் எகுங்குன் ஊர்வலத்தினருக்கும் பள்ளிவாசலில் இருந்தவர்களுக்கும் மோதல் நடந்து உயிர் போனது. 2016 ஜூனில் அரசுப் பள்ளிகளில் ஹிஜாப் அணியலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், மிஷனரிகள் தொடங்கிப் பின்னர் அரசு எடுத்துக்கொண்ட பள்ளிகளில் பெரிய சர்ச்சை. ஈவோ ஊரில் ஒரு பள்ளிக்கு மாணவர்கள் சர்ச் பாடகர் அங்கியிலும் மரபு உடையிலும் வந்து நின்றார்கள். இதன் வேர் பழையது. ஒரு காலத்தில் படிப்பு மிஷன் பள்ளியில் மட்டுமே கிடைத்தது, சேர்ந்தால் பெயரும் சமயமும் மாறின. அந்தக் காயத்தில்தான் 1923-ல் லாகோஸில் அன்ஸார் உத் தீன் சங்கம் தொடங்கித் தன் பள்ளிகளைக் கட்டியது. இந்தப் பேச்சு வந்தால் கேளுங்கள், பக்கம் எடுக்காதீர்கள்.

சொல்லிலும் கவனம் வேண்டும். "ஜுஜு" (மாந்திரீகம்), "சிலை வணங்கி" என்று சொல்லாதீர்கள். "கெஃபெரி" என்ற சொல் காதில் விழும். காஃபிர் என்பதன் யொரூபா வடிவம், வசைச் சொல். மரபுச் சமயத்தாரைக் குறிக்க "இஷேஷே" என்ற சொல்லே போதும். எஷு என்பது சந்திகளைக் காக்கும் ஒரிஷா. பைபிளை யொரூபாவில் கொண்டுவந்தபோது சாத்தானுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆகவே ஒருவர் எஷு என்றால் எந்த எஷுவைச் சொல்கிறார் என்று கவனித்துப் பேசுங்கள்.

எதில் சந்தேகம் வந்தாலும் வீட்டின் மூத்த பெண்மணியிடம் போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல், மூத்த பிள்ளையின் பெயரோடு "இயா", அதாவது அம்மா, சேர்த்துக் கூப்பிடுங்கள். எந்த வீட்டுக்கு எதைக் கொண்டுபோக வேண்டும், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த அல்ஃபா எந்தப் போதகருக்கு மைத்துனர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போகும்போது கையில் கொஞ்சம் பழம் இருக்கட்டும். வாசலில் முழங்காலை லேசாக மடக்கி "எ காரோ மா" என்று சொல்லிவிட்டு, அவர் உட்காரச் சொல்லும்வரை நில்லுங்கள்.